இரட்டைக் கரு: பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி?

இரட்டைக் கருவைச் சுமப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிரசவம் ஆகிவிடுகிறது. இதைத் தடுக்க மருத்துவர்கள் பல வழிகளைச் சோதித்துவிட்டார்கள். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதால் பலன் தெரியவில்லை. இரட்டைக் கரு என்பதற்காகவே எல்லோருக்கும் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டதும், வாராவாரம் புரோஜெஸ்டிரான் ஊசி போட்டதும் பிரசவத்தைத் தள்ளிப்போடவில்லை. ஆகவே, குறைமாதப் பிரசவம் எப்போது வரும் என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. எங்கே நடக்க வேண்டும் என்பது இருக்கிறது. உதாரணமாக, தேனி மாவட்டம் ராயப்பன்பட்டியில் வலி கண்டவர் உத்தமபாளையம், சின்னமனூர், தேனி எல்லாம் தாண்டித்தான் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தத் தூரத்தைக் குழந்தைகள் வயிற்றுக்குள் இருக்கும்போதே கடப்பதுதான் நல்லது.

"நுரையீரலை முதிரவைக்கும் ஊசியை உள்ளூரிலேயே போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். கர்ப்பிணிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறல் குறையும் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-லேயே காட்டினார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு ஊசி, விலையும் மலிவு. ஆனால் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் கிராமங்களில் இதைப் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானபோது, எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு குறைந்திருக்கவில்லை. பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வசதியுள்ள மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்விலோ, இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரும் சுவாச உதவியும் சேர்ந்தால்தான் ஊசி முழுப்பலன் தரும். இரட்டையருக்கு அவை இரண்டிரண்டாக வேண்டும். முதல் ஊசியை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அங்கேயே தங்கிவிடக் கூடாது.

பொய் வலிக்கு எதற்கு இத்தனை அலைச்சல் என்பது நியாயமான கேள்விதான். வலி என்று போனவர்களில் பலர் பிரசவமாகாமலே திரும்புவதும் உண்டு. அதில் போவது ஒரு நாள் கூலியும் வண்டிச் செலவும். ஒன்றரைக் கிலோ குழந்தைகள் இரண்டை, சூடு இறங்காமல் ஆம்புலன்ஸில் கொண்டுபோவது அதைவிடப் பன்மடங்கு ஆபத்து. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அந்த மாதங்களில் வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் லாபமே. மூன்றாம் மாத ஸ்கேனிலேயே இரு கருவுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதையும் கணக்கில் வைத்து, ஏழாம் மாதத்துக்குள் ஆஸ்பத்திரியை முடிவு செய்துவிடுங்கள். அடிக்கடி வயிறு இறுகினாலோ, நீர்க்கசிவோ உதிரப்போக்கோ தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.