எண்ணெய் கலப்பதிலும் அளவு பேணுவோம்

புல் வெட்டும் மெஷின், மரம் அரியும் செயின் சோ வைத்துத் தொழில் செய்வோர் எமது கடையில் வழமையாகக் கேட்கும் கேள்வி: "நானா, பெற்றோலுக்கு ஒயிலைக் கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சின் நீடிக்கும்தானே?"

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயிலுக்கெனத் தனி இடமில்லை. பெற்றோலோடு கலந்து செல்லும் ஒயில்தான் பிஸ்டனையும் பெயாரிங்கையும் காக்கிறது. குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் புகை தள்ளும், பிளக்கில் கரி பிடிக்கும். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். 25க்கு 1 என்றால் 40. எது பொருத்தம் என்பதை மெஷினோடு வரும் கைநூலில் பாருங்கள். போர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் தனியாக ஊற்றப்படுவதால் பெற்றோலில் கலக்கவே கூடாது.

டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 இல் நிறுத்தப்பட்டதும் இந்தப் புகையால்தான்.

வியாபாரச் சகோதரர்களே, கழித்த ஒயிலை வடித்துப் போத்தலில் அடைத்து விற்பவருக்குக் கிடைப்பது சொற்ப இலாபம். வாங்கியவர் இழப்பதோ மெஷினையும் அன்றாடக் கூலியையும். அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. நல்ல ஒயிலோடு ஓர் அளவுக் குவளையையும் கொடுங்கள். அந்த வாடிக்கையாளர் வேறு கடை தேடமாட்டார்.