வால் நுனி வெட்டப்பட்ட மீன்

அலாஸ்காவின் தென்பகுதியில் கீனாய் ஆறு குக் வளைகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தின் இருபுற மணற்கரைகளும் ஆண்டுதோறும் ஜூலை 10 முதல் 31 வரை, அம்மாநிலத்தில் குடியிருப்போர் தம் வீட்டுத் தேவைக்குச் சால்மன் பிடித்துக்கொள்வதற்காகத் திறந்துவிடப்படுகின்றன. சுமார் 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆங்கரேஜ் நகரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குடும்பங்கள் கூடாரம், ஐஸ் பெட்டி, நீண்ட பிடியுள்ள வலை ஆகியவற்றோடு வந்திறங்குவதால், ஏழாயிரம் பேர் அளவில் வாழும் கீனாய் என்னும் சிற்றூர் அந்த மூன்று வாரமும் தேர்த்திருவிழா நடக்கும் ஊரைப்போல் நிரம்பிவழிகிறது. ஆனால் இங்கே பிடிபடும் மீனில் ஒன்றைக்கூட விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ சட்டம் இடம் தருவதில்லை. அடுத்த ஜூலை வரை உண்பதற்கான மீனை வீட்டில் சேர்த்துவைப்பதே இந்த மீன்பிடிப்பின் நோக்கம் என்பதால், மீனைப் பிடிக்கும் திறத்தைக் காட்டிலும் அதைக் கெடாமல் காக்கும் திறமே இங்கு மேலாக மதிக்கப்படுகிறது.

கீனாய்க்கு வருவது பெரும்பாலும் சாக்கை எனப்படும் இனமாகும். உள்ளூரார் அதைச் செஞ்சால்மன் என்ற பொருளில் 'ரெட்' என்றே அழைக்கின்றனர். சென்னைச் சந்தைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படும் காலா மீனுக்கும் இதற்கும் உறவு இல்லை. சாக்கை நன்னீரில் பொரித்து, ஆற்றோடு இணைந்த ஏரிகளில் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள் வளர்ந்து, பசிபிக் கடலில் இரண்டு மூன்று ஆண்டுகள் திரிந்த பின், முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டதும் இறந்துபோகிறது. கடலில் அது மிதவை உயிரிகளான சிறு கூனிவகைகளை வடித்துண்பதால், அவற்றிலுள்ள அஸ்டாசாந்தின் என்னும் நிறமி சதையில் சேர்ந்து ஆழ்ந்த சிவப்பைத் தருகிறது. ஆற்றை நெருங்கியதும் அது இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் மேலேறிச் செல்லும் ஆற்றலும் சினை முதிர்வதற்கான ஊட்டமும் உடலில் சேமித்த கொழுப்பிலிருந்தே செலவாகின்றன. எனவே முகத்துவாரத்தில் வெள்ளி போல் மின்னும் மீனே கொழுப்பு மிகுந்தது, சுவையானது. அதே மீன் சில வாரங்கள் கழித்து மேலாற்றில் உடல் சிவந்து தலை பச்சையாக மாறிக் காணப்படும்போது சதை வெளிறித் தளர்ந்திருக்கும். கரையில் நின்று பிடிப்பதை மக்கள் நாடுவதற்குச் செலவுக் குறைவு ஒரு காரணம் என்றால், அந்த இடத்தில் மீன் தன் நல்ல பருவத்தில் கிடைக்கிறது என்பது அதனினும் வலுவான காரணம்.

இரை எடுக்காத மீனைத் தூண்டிலால் கவர்வது கடினம் ஆதலால், வலையே இங்கு பொருத்தமான கருவியாக அமைகிறது. பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவரும் நுண்பொடியால் கீனாய் ஆறும், வண்டல் மிகுந்த குக் வளைகுடாவும் கலங்கியே இருப்பதால், எதிரே நிற்கும் வலை மீனின் கண்ணுக்குப் படுவதில்லை. குக் வளைகுடா உலகிலேயே ஓத வேறுபாடு மிகுந்த நீர்ப்பரப்புகளுள் ஒன்று. கடல் நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான உயர வேறுபாடு ஆங்கரேஜ் அருகே 9 மீட்டரை எட்டுகிறது. கீனாய் முகத்துவாரத்திலும் ஏறத்தாழ 6 மீட்டர் இருக்கும். ஏற்றத்தோடு மீன்கூட்டம் உள்ளே தள்ளப்பட்டு வருவதால், வலைபிடிப்போர் கடிகாரத்தைவிட ஓத அட்டவணையையே பார்த்து நாளை வகுத்துக்கொள்கின்றனர். எத்தனை வலைகள் நீரில் நின்றாலும் மணிக்கணக்கில் ஒன்றும் படாமலிருந்துவிட்டு, ஒரு கூட்டம் நுழைந்ததும் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் மீன் விழுவதும் உண்டு.

'டிப்நெட்' எனப்படும் அந்த வலை, நீண்ட உலோகப் பிடியின் முனையில் பொருத்திய பெரிய வளையமும் அதில் தொங்கும் பைவலையும் சேர்ந்தது. வளையத்தின் குறுக்களவு 5 அடிக்கு மிகக்கூடாது என்பது விதி. உடலோடு ஒட்டிய நீர்புகா உடையணிந்து மார்பளவு நீர்வரை இறங்குபவர், வளையம் அடிமணலில் ஊன்றி நிமிர்ந்து நிற்குமாறு பிடியைக் கிடையாகத் தாங்கிக்கொண்டு காத்திருக்கிறார். மீன் வந்து மோதும் அதிர்வு பிடியின் வழியே கைக்குத் தெரிந்ததும், பையின் வாய் மூடிக்கொள்ளும்படி வளையத்தைப் படுக்கையாகத் திருப்பி, பின்னடி வைத்துக் கரைக்கு இழுத்துவருகிறார். இதில் நுட்பம் என்று சொல்லத்தக்கது அந்தத் திருப்பல் ஒன்றுதான். எஞ்சியதெல்லாம் குளிரைப் பொறுப்பதும் தோள்வலியைப் பொறுப்பதுமே. பனி உருகிய நீர் ஜூலையிலும் உடலை மரத்துப்போகச் செய்யும். வற்றத்தின்போது ஆற்றோட்டமும் கடலின் பின்வாங்கலும் ஒரே திசையில் சேர்ந்து இழுக்கும். ஆதலால் உயிர்காப்பு அங்கி அணியாமல் இறங்குவதை அனுபவமுள்ளவர்கள் மடமையாகவே கருதுகின்றனர்.

ஒரு குடும்பம் ஆண்டுக்கு எத்தனை மீன் எடுக்கலாம் என்பதைச் சட்டம் ஆள் கணக்கில் வகுத்துள்ளது. குடும்பத் தலைவருக்கு 25, உடன் வாழும் ஒவ்வொருவருக்கும் 10 என்ற கணக்கில், நால்வர் கொண்ட குடும்பம் 55 மீன் வரை எடுக்கலாம். மீனைக் கரையைவிட்டு நகர்த்துவதற்கும் பெட்டிக்குள் மறைப்பதற்கும் முன்பாக, அதன் வால் துடுப்பின் மேல், கீழ் நுனிகள் இரண்டையும் வெட்டி, எண்ணிக்கையை அனுமதிச் சீட்டில் எழுதிவிட வேண்டும். இவ்வாறு நுனி இழந்த வால், அந்த மீன் வீட்டு உணவுக்குரியது, சந்தைக்குச் செல்லக்கூடாதது என்பதற்கான அடையாளம். ஆற்றின் வாயிலிருந்து 30 கிலோமீட்டர் அளவு உள்ளே, ஒலியலைகளை அனுப்பி மீன்களை எண்ணும் சோனார் கருவிகளை அலாஸ்காவின் மீன், வேட்டை விலங்குத் துறை நிறுவியுள்ளது. முட்டையிடுவதற்குப் போதிய மீன் மேலேறிவிட்டது என்று அவை காட்டும் ஆண்டுகளில், வழக்கமாகக் காலை 6 முதல் இரவு 11 வரை இருக்கும் நேரம் 24 மணி நேரமாக நீட்டிக்கப்படுவதுண்டு.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் உவப்பானதன்று. ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கரைகளில் மீன்பிடித்து உலர்த்தி வாழ்ந்த டெனாய்னா மக்களின் வழிவந்த கெனைட்சி பழங்குடி அமைப்பு, தன் இளையோருக்கு மரபைக் கற்பிப்பதற்கான தனி வலையை 1989 முதல் இங்கு இட்டுவருகிறது. மற்றொரு பக்கம், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் நிலைவலைகளால் வணிகத்துக்காகப் பிடிக்கும் குடும்பங்கள் உள்ளன. 1985இல் 44 கிலோ எடையில் தூண்டிலில் பிடிபட்டு உலகச் சாதனையான கிங் சால்மன் இதே ஆற்றினது. அந்த இனம் பிற்காலத்தில் வெகுவாக அருகிவிட்டதால், அதையும் சிக்கவைக்கும் வளைகுடாவின் கிழக்குக் கரை நிலைவலைகள் 2023இல் பருவம் முழுவதும் மூடப்பட்டன. டிப்நெட் பிடிப்போரோ, பைக்குள் விழும் கிங்கை உயிரோடு விட்டுவிட்டுச் சாக்கையை மட்டும் எடுக்க முடிவதால் தொடர்ந்து பிடித்தனர். தலைமுறைகளாக வலை கட்டியவர்கள் கைகட்டி நிற்க, நகரத்தார் அருகிலேயே பெட்டி நிரப்புவது அவர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மணலில் கிடத்தப்பட்ட மீனின் பிற்காலச் சுவை முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. துள்ளித் துடிக்கும் மீன் தன் சதையையே நசுக்கிக்கொண்டு சூடேறுவதால், முதலில் தலையில் ஒரு கட்டையால் அடித்து அதை அடக்குகின்றனர். இதயம் ஓய்வதற்குள் செவுளின் வளைவுகளை வெட்டி, இரத்தம் வடிவதற்காக நீரில் தொங்கவிடுகின்றனர். இரத்தம் தங்கிய சதை விரைவில் கெடுவதோடு, உறைபெட்டியில் இருக்கும் மாதங்களில் கவிச்சியும் சிக்கும் ஏறும். வடிந்தவுடன் ஐஸும் கடல்நீரும் கலந்த குழம்பில் மீனை அமிழ்த்துவது வெறும் ஐஸ்மீது வைப்பதைவிட வேகமாகக் குளிர்விக்கும். வெயிலில் சாக்குக்கு அடியில் மீனைக் குவித்துவிட்டு அடுத்த ஏற்றத்துக்கு ஓடுபவர்களும் அக்கரையில் குறைவில்லை. அவர்களுடைய பனிக்காலச் சாப்பாட்டில் அது தெரிந்துவிடும்.

குடல் எடுக்கும்போது முதுகெலும்பின் உட்புறம் ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஓடும் சிறுநீரகத்தைக் கரண்டியால் சுரண்டி நீக்குவது தவறவிடக்கூடாத வேலை. இறந்தபின் உடல் விறைத்திருக்கும் நேரத்தில் சதையைப் பிரித்தால் அது சுருங்கி அடுக்கடுக்காகப் பிளக்கும் ஆதலால், விறைப்பு வருமுன்போ நீங்கிய பின்போ கத்தி வைப்பது நல்லது. செவுளுக்குப் பின்னால் முதுகெலும்புவரை வெட்டி, கத்தியை எலும்போடு ஒட்டி வால்வரை செலுத்தினால் ஒரு பக்கச் சதை முழுத்துண்டமாக வரும். சதைக்குள் நிற்கும் மெல்லிய முட்களைச் சிறு குறடால் பிடுங்குகின்றனர். செவுளை அடுத்த கழுத்துப்பகுதியும் வயிற்றுப் பட்டையும் கொழுப்பு மிகுந்தவை. தலை சூப்புக்கு உதவும். சினை உப்புநீரில் ஊறியபின் நேரடியாக உண்ணத் தகும். இவற்றைக் கழிவென வீசுவது அறியாமை என்றாலும் பலர் வீசவே செய்கின்றனர். தலையும் குடலும் கரையில் குவிந்து கடற்காகங்களை அழைப்பதால், நகராட்சி இயந்திரங்களைக் கொண்டு மணலை வாரிச் சுத்தம் செய்யவேண்டியிருக்கிறது.

பிடித்த அன்றே சுட்டு உண்ணும் சாக்கைக்கு உப்பும் சிறிது எண்ணெயும் போதும். சதை கடல் மீன்களுக்குரிய திண்மையோடிருப்பதால், 63 பாகை செல்சியஸ் உள்வெப்பத்தை எட்டியதும் அடுப்பிலிருந்து இறக்கினால் வறளாது. பச்சையாக உண்ண விரும்புவோர் மட்டும் பொறுத்திருக்க வேண்டும். காட்டுச் சால்மனில் அனிசாகிஸ் என்னும் உருளைப்புழுவும் மீன் நாடாப்புழுவும் இருக்கக்கூடும். −20 பாகையில் ஏழு நாள் உறையவைத்தால்தான் அவை சாகும். வீட்டு உறைபெட்டிகள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐம்பது மீனை ஒரு குடும்பம் உடனே தின்றுதீர்க்க முடியாது. புகைபோடுதல் பழங்குடிகளின் உலர்த்தும் முறையிலிருந்து கிளைத்து இன்று ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் தனித்தனிப் பக்குவமாகப் பெருகியிருக்கிறது. ஒரு பங்கு உப்புக்கு நான்கு பங்கு பழுப்புச் சர்க்கரை என்பது பரவலான அளவு. அதைத் தூவி ஊறவைத்த துண்டங்களைக் கழுவிக் காற்றில் உலர்த்தும்போது, மேற்பரப்பில் புரதம் பசைபோன்ற மெல்லிய ஏடாகப் படிகிறது. அந்த ஏடு புகையைப் பற்றிக்கொள்வதோடு உள்ளிருக்கும் ஈரத்தையும் காப்பதால், உலர்த்தும் நேரத்தைக் குறைப்பவர் கெடுப்பது மீனைத்தான். பின் ஆல்டர் மரத்தின் மெல்லிய புகையில் வைத்து, இறுதியில் உள்வெப்பம் 66 பாகையில் அரைமணி நேரமாவது நிற்கும்படி சூடேற்றுகின்றனர். புகைத்த மீன் நம் கருவாட்டைப் போல வெளியில் நெடுநாள் இருக்காது. குளிர்ப்பெட்டி அதற்கும் வேண்டும்.

அறை வெப்பத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் கண்ணாடிச் சாடியில் அடைத்து அழுத்தத்தில் வேகவைக்க வேண்டும். காற்றில்லாத, புளிப்பற்ற சூழலில் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும் என்பதாலும், கொதிநீரின் 100 பாகை அவ்வித்துகளைக் கொல்லாது என்பதாலும், ஏறத்தாழ 116 பாகையை எட்டும் அழுத்தக் கலன் தேவைப்படுகிறது. அரைலிட்டர் சாடிக்கு 100 நிமிடம் என்பது பரிந்துரைக்கப்பட்ட கால அளவு. பருப்பு வேகவைக்கும் குக்கர் இந்த வேலைக்கு அளந்து செய்யப்பட்டதன்று. இந்த வேகலில் எலும்பும் மென்மையாகி உண்ணத்தக்கதாவதால் முள் பிடுங்கும் வேலை மிச்சமாகிறது.

மீதி மீன், காற்றை உறிஞ்சி மூடிய பைகளில் உறைபெட்டிக்குச் செல்கிறது. இப்பைகளை உருகவைக்கும்போது முதலில் பையைக் கிழித்துக் காற்றுப்படச் செய்வது கட்டாயம். பொட்டுலினத்தின் ஒருவகை குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையிலும் காற்றில்லாத இடத்தில் பெருகவல்லது. மே, ஜூன் மாதங்களில் பெட்டியின் அடியில் சென்ற ஆண்டு மீன் எஞ்சியிருப்பதைக் காணும் வீடுகளில், அதை உருகவைத்துச் சாடிகளில் அடைத்துப் புதுமீனுக்கு இடம் ஒழிக்கின்றனர். அப்படியும் தீராதது தெரியவந்தால், வரும் ஜூலையில் அனுமதிச் சீட்டு நிரம்பும்வரை நிற்காமல் முன்னதாகவே வலையைக் கட்டிக்கொண்டு திரும்புவோரும் உண்டு.