அடைமழையும் எங்கள் வீட்டுக் கோழிகளும்

மழைக்காலத்தில் துணி காய வைப்பது, பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் சகோதரிகள் இந்தப் பகுதியில் எழுதுகிறார்கள். நான் கோழிகளைப் பற்றி எழுதுகிறேன். "கோழிக்கென்ன, அதுபாட்டுக்கு மேயும், அடையும்" என்று நினைத்தவள்தான் நானும். பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

எங்கள் சிவகாசிப் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளைப் பூட்டிவிடுவார்கள். திரும்பத் திறக்கச் சில வாரங்கள் ஆகும். திறந்தாலும் வெயில் இல்லாவிட்டால் சரக்கு காயாது, வேலையும் சரியாக இருக்காது. வீட்டுக்காரர் சம்பளம் பாதியாகிவிடும் அந்த நாட்களில் கை கொடுப்பது கொல்லைப்புறத்துக் கோழிதான். பத்து முட்டை விற்றால் ஒரு நாள் காய்கறி. ஒரு சேவலை விற்றால் மகளின் பள்ளிக்கூட வேன் பணம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்து, நெல்லை, தூத்துக்குடி பக்கம் ஆடு, மாடு, கோழியெல்லாம் வெள்ளத்தோடு போனது. எங்கள் எம். புதுப்பட்டிக்கு அந்தக் கொடுமை வரவில்லை. ஆனால் நசநசவென்று தூறலும் ஊதக்காற்றும் விடவில்லை. அப்போது என்னிடம் குஞ்சு, சேவல் எல்லாம் சேர்த்து 23 உருப்படி. பத்தே நாளில் ஒன்பதாகிவிட்டது.

தப்பு முழுக்க என்னுடையது. மழைச்சாரல் அடிக்கிறதே என்று தகரக் கொட்டகையைச் சுற்றிலும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன், எறும்பு நுழைய வழியில்லாமல். தரையில் அச்சாபீசில் கிடைத்த கழிவுத்தாள் வெட்டுகளைப் பரப்பினேன். எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லையே! மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் கண் எரிகிற நாற்றம். தாள் ஈரத்தை உறிஞ்சிச் சேறாகிக் கிடந்தது. கோழிகளின் கண்ணில் நீர், மூக்கில் சளி. இது போதாதென்று மலிவாகக் கிடைக்கிறதே என்று அதே வாரம் சந்தையில் ஒரு வெடைக்கோழி வாங்கி, அன்றைக்கே மற்றதோடு விட்டேன். அது முதலில் தூங்கி விழுந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக, கழுத்து திருகிக்கொண்டு, கால் இழுத்துக்கொண்டு... எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

"இருக்கிறதையாவது கறிக்கடைக்குத் தள்ளிவிடும்மா, நாலு காசு மிஞ்சும்" என்றார் என் அத்தை. அவர் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். நான் விற்கவில்லை. ஆனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். செத்த கோழிகளைக் கொல்லைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் வீசினேன். குழி தோண்டச் சோம்பல், மழை வேறு. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகள் ஏழும் போயின. அவர் கணவரை இழந்தவர். பட்டாசு ஆலைக்குப் போய்த்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காலம் சரியில்லம்மா" என்றார், அவ்வளவுதான். நான் ஓடையில் வீசியதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது.

கால்நடை மருந்தகத்தில் போய்க் கேட்டபோது டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். இமயமலைப் பக்கம் ராணிக்கெட் என்று ஓர் ஊர். அங்கே கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். வைரஸ் கிருமியால் வருகிறது. வந்த பிறகு மருந்து கிடையாது. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மிளகு அரைத்து உருட்டிக் கொடுப்பதை நானும் செய்து பார்த்தேன், நிற்கவில்லை. வராமல் தடுக்கத்தான் ஊசி. செத்ததை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். சந்தையில் வாங்கியதை இரண்டு மூன்று வாரமாவது தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்த பிறகே மற்றதோடு சேர்க்க வேண்டும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பனிக்கட்டி பெய்கிற தேசங்களிலும் கோழி வளர்க்கிறார்கள். கொண்டை உறைந்துவிடாமல் வாசலின் தடவுவார்களாம், தண்ணீர் கட்டியாகிவிடாமல் அடிக்கடி மாற்றுவார்களாம். அந்தக் குளிரையே கோழி தாங்கும். இறகுக்குள் காற்றைப் பிடித்து வைத்துப் போர்வைபோல் சூட்டைக் காக்கும். இறகு நனைந்தால்தான் ஆபத்து. நம் ஊரில் கோழியைக் கொல்வது குளிர் இல்லை, ஈரம்.

அதனால் இப்போது கொட்டகையை மாற்றிவிட்டோம். தரையை அரை அடி உயர்த்தி மண் அடித்தாயிற்று. மழை அடிக்கும் பக்கம் மட்டும் படுதா; அதுவும் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு. உள்ளே இருக்கும் ஈரக்காற்றும் நாற்றமும் அந்த வழியாக வெளியேறும். கீழே கடலைத்தொலி அல்லது உமி, நாலு விரல் உயரத்துக்கு. தினமும் காலையில் கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிடித்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் அந்த இடத்தை அள்ளிப் போட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஈரத்திலேதான் ரத்தக்கழிச்சல் கிருமியும் பெருகுகிறது. படுக்க ஒரு வேப்பங்கம்பு குறுக்கே கட்டிவிட்டால் தரை ஈரம் கோழிக்கு எட்டாது. சாயங்காலம் அடைவதற்கு முன் ஒரு கை கம்போ சோளமோ போடுகிறேன். ராத்திரி முழுக்க அது செரிக்கும்போது உடம்புக்குச் சூடு கிடைக்கும். மார்கழியில் முட்டை குறைந்தால் பயப்படாதீர்கள். பகல் குறைவதால்தான் அப்படி, தை பிறந்தால் தானாகக் கூடும்.

குஞ்சுகள் விஷயம் வேறு. தாய்க்கோழி இருந்தால் அதன் இறக்கையே போதும். தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டுவிட்டு, "வெளிச்சம் போதுமா?" என்றார். வெளிச்சம் யாருக்கு வேண்டும்! அதில் சூடே வராது. பழைய அறுபது வாட் குண்டு பல்பைத் தேடிப் பிடித்தோம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது என்று அர்த்தம். சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. பல்பு உமியில் படாமல் உயரமாக, இரும்புச் சங்கிலியில் கட்டுங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நெருப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என்றாலும் சொல்கிறேன். கரண்ட் போனால் கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, பழைய துணி சுற்றிக் குஞ்சுகளின் நடுவில் வைப்பேன். இரண்டு மணி நேரம் தாங்கும். கரிக்கங்கு வைக்காதீர்கள், புகை மூட்டிவிடும்.

பிப்ரவரி மாதங்களில் கால்நடைத் துறை கோழிக்கழிச்சலுக்கு இரண்டு வார முகாம் நடத்துகிறது, ஊசி இலவசம். 2024 முகாமுக்குப் போகும்போதுதான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்து வந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா என் கோழியை அடைச்சாவது வச்சிருப்பேனே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது மழைக்கு முன்னால் புரட்டாசியிலும் நாங்கள் தெருவாகச் சேர்ந்து ஊசி போடுகிறோம். ஒரு குப்பி மருந்தைக் கலக்கினால் நூறு கோழிக்கு வரும். கலந்ததை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் வீண். அதனால் எட்டு வீட்டுக் கோழிகளையும் விடியற்காலையில், கொட்டகையை விட்டு இறங்கும் முன்பே பிடித்து வைத்துவிடுவோம். எட்டு வாரம் ஆனதற்கு இறக்கையில் ஊசி, பொரித்த முதல் வாரத்துக் குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. நோஞ்சானாக இருப்பதற்குப் போடக் கூடாது. கணக்கு நோட்டு எழுதுவது அக்காதான்.

2024 டிசம்பரிலும் இங்கே நல்ல மழை. என் கொட்டகையில் ஒரு குஞ்சு மட்டும் போனது, அதுவும் பூனை தூக்கியது. அந்தத் தையில் என் கறுப்புக்கோழி அடை உட்கார்ந்தபோது, அதன் அடியில் பதினோரு முட்டை வைத்து, கோழியையும் கூடையோடு அக்கா வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தேன். இருபத்தோராம் நாள் எட்டு பொரித்தன. "கோழியை எப்போ கொண்டுபோறே?" என்று கேட்டார். "குஞ்சு பிரியட்டும்க்கா" என்றேன். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.

— வாசகி, எம். புதுப்பட்டி