உஷார்! இரண்டாவது வருஷத்தில் திரும்பி வரும் எடை

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டதா? பழைய உடைகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா? இந்த எச்சரிக்கை உங்களுக்குத்தான். ஆபரேஷன் தியேட்டரை விட்டு நல்லபடியாக வெளியே வந்ததோடு கண்டம் தாண்டியாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். எடையைப் பொறுத்தவரை கண்டம் இப்போதுதான் ஆரம்பம்.

முதல் வருஷம் கிலோ கிலோவாக இறங்குகிறதே, அதில் நம் சாமர்த்தியம் கொஞ்சம்தான். நம் நாட்டில் அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எடுத்த பகுதியில். ஆகவே கொள்ளளவும் குறைகிறது, பசியும் அடங்குகிறது. ஒரு இட்லி உள்ளே போனால் போதும், மேலே இறங்காது. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சின்னப் பையைப் பிரித்து நேரே குடலோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு காவல் உண்டு. இனிப்பைத் தொட்டால் சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு. இதை டம்பிங் என்பார்கள். அந்தப் பயத்திலேயே பலர் லட்டுப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள் எடை இறங்குவது நின்றுவிடும். பிறகு பசி மெல்லத் தலைதூக்கும். முன்பு ஒரு இட்லியில் முட்டிய இடத்தில் இரண்டரை இட்லி சிரமமில்லாமல் இறங்கும். பலருக்கு டம்பிங்கும் மட்டுப்பட்டுவிடும். சரியாக அதே சமயத்தில்தான் மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய்வந்த பழக்கம் அறுபடுகிறது, பார்க்கிறவர்கள் ‘அட, நீயா இது!’ என்று வியப்பதும் நின்றுபோகிறது. உள்ளே இருந்த பாதுகாப்பும் வெளியே இருந்த உற்சாகமும் ஒரே வேளையில் விலகுகின்றன.

இதற்காகக் கிலி பிடித்து உட்கார வேண்டாம். ஓரளவு எடை கூடுவது இந்த ஆபரேஷனில் எதிர்பார்க்கப்படுவதுதான். சுவீடனில் 1987-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, பெரும்பகுதி வரவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டால் இவர்களில் இறப்பும் குறைவு. ஆகவே இந்தச் சிகிச்சையே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சராசரி என்பது பலரையும் கலந்து வருவது. அந்தக் கணக்குக்குள்ளேயே குறைத்த எடையில் பாதிக்கு மேல் திரும்ப வாங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம். மாதத்துக்கு மாதம் முள் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால்தான் உஷார்!

அமெரிக்கத் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் ஆல் ரோக்கரின் கதையைக் கேளுங்கள். எடையைக் குறைப்பேன் என்று மரணப்படுக்கையில் இருந்த அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். 2002-இல் பைபாஸ் செய்துகொண்டு, 100 பவுண்டுக்கு மேல் குறைத்தார். நாடே பார்த்துப் பாராட்டியது. சில வருஷங்கள் கழித்து அம்மா நோயில் விழுந்தார். அந்தத் துக்கத்தில் ஏறத்தாழ 40 பவுண்டு, அதாவது 18 கிலோ, திரும்பி வந்துவிட்டதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். பணத்துக்கோ மருத்துவ வசதிக்கோ குறைவில்லாத மனிதர். தினமும் கோடிக்கணக்கானவர்கள் முன்னால் கேமராவில் நிற்கிறவர். இரைப்பையும் சின்னதாகத்தான் இருந்தது. தவிப்புக்கு முன்னால் இதெல்லாம் நிற்கவில்லை. பிறகு மீண்டும் கட்டுக்குள் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாடகி கார்னி வில்சன் 1999-இல் தன் பைபாஸ் ஆபரேஷனை இணையத்தில் நேரலையாகவே காட்டினார். 2012-இல் அவருக்கு இரண்டாவதாக ஓர் ஆபரேஷன் தேவைப்பட்டது.

சின்ன இரைப்பையை ஏமாற்றுவது எப்படி?

இரண்டு வழி. இரண்டும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

முதலாவது, குடிக்கிற கலோரி. கோழிக்கறியோ சுண்டலோ சாப்பிட்டால் ஸ்லீவ் குழாயில் அது தங்கும், வயிறு முட்டும், போதும் என்று கை நின்றுவிடும். ஐஸ்கிரீம், பாதாம் பால், ரோஸ் மில்க், பழ ஜூஸ், பாயசம், வாயில் கரையும் மைசூர்பாகு, இவையெல்லாம் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முட்டுகிற உணர்வே வராது. ‘இட்லி தோசை இறங்க மாட்டேங்குது டாக்டர், பால், ஜூஸ்லதான் ஓடுது’ என்று ஒருவர் சொன்னால், எடை எங்கிருந்து வருகிறது என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. உப்பும் காரமும்கூட இப்படித்தான். முறுக்கு, சிப்ஸ் மாதிரியான மொறுமொறுப்பு வாயிலேயே மாவாகிவிடும். அதோடு இரண்டு மடக்குக் காபியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று டயட்டீஷியன் தலைபாடாக அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, கொறித்தல். ஒரே நேரத்தில் அதிகம் சாப்பிட முடியாது. ஆகவே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. சீரியல் பார்க்கும்போது ஒரு கை மிக்சர், சமையலறையைத் தாண்டும்போது ஒரு கை, ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு துண்டு கேக், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த பூரி. மிக்சரில் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் உண்டு. ஒரு கைப்பிடி அள்ளினால் ஏறக்குறைய மூன்று இட்லிக்குச் சமம். தட்டில் மூன்று இட்லி வைத்தால் ‘ஐயோ, முடியாது’ என்று பதறுகிறவர், அதே கணக்கை மிக்சரில் நாலு தடவை முடித்திருப்பார். கேட்டால், ‘நான் சாப்பிடறதே இல்லீங்க’ என்பார். பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டதை மட்டும்தான் அவர் கணக்கில் வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் மருத்துவர்களும் சில சமயம் கோட்டை விடுகிறார்கள். கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது என்றால் ஒரே மூச்சில் பத்துப் பரோட்டா என்றுதான் எல்லோர் மனதிலும் படம். ஆபரேஷனுக்குப் பிறகு அது உடலால் முடியாது. அரைக் கிண்ணம் ஐஸ்கிரீமாக இருந்தாலும், ‘நிறுத்த நினைக்கிறேன், நிறுத்த முடியவில்லை’ என்ற நிலை வந்தால் அதுவே பழைய நோய்தான். அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பசியா, வேறு ஏதாவதா?

வயிற்றுப் பசி மெதுவாக ஏறும், எது கொடுத்தாலும் தணியும். மனம் கேட்கிற தீனி திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். சண்டை முடிந்த கையோடு, மேனேஜரின் போன் வைத்த கையோடு, எல்லோரும் தூங்கிய பிறகு ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் வரும். வயிறு வலித்தாலும் கை நிற்காது. சாப்பிட்டு முடித்ததும் குற்ற உணர்ச்சி. கவரைக் குப்பைத்தொட்டியில் அடியில் போட்டு, மேலே பேப்பரால் மூடுகிறீர்களா? அது எடை மெஷினைவிடத் துல்லியமான எச்சரிக்கை.

பலருக்குச் சாப்பாடுதான் இத்தனை வருஷமும் தூக்க மாத்திரை, ஆறுதல், தனிமைக்குத் துணை. வாய்விட்டு அழ முடியாத வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் அந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது, மாற்று வழி எதுவும் தருவதில்லை. இதோடு எதிர்பார்ப்பு வேறு. ஒல்லியானால் கல்யாணம் நடக்கும், மாமியார் வாய் அடங்கும், புருஷன் திரும்பிப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டு ஆபரேஷன் டேபிளில் ஏறுகிறவர்கள் உண்டு. எடை இறங்கும். தோல் தொங்கும், முடி கொட்டும், மாமியார் மாமியாராகவே இருப்பார். அந்த ஏமாற்றத்தை எங்கே கொண்டு வைப்பது?

சிலர் கிளாஸில் கொண்டு வைக்கிறார்கள். இது வெறும் பேச்சில்லை. பைபாஸ் செய்தவர் உடலில் மது வேகமாக ரத்தத்தில் ஏறும். முன்பு மூன்று பெக்கில் வந்த போதை இப்போது ஒன்றிலேயே வரலாம். அமெரிக்காவில் 1,945 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், மதுப்பழக்கச் சிக்கல் உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதமாக இருந்தார்கள். முதல் வருஷம் கிட்டத்தட்ட அதே நிலை. இரண்டாவது வருஷத்தில் 9.6 சதவீதம். மறுபடியும் அதே இரண்டாவது வருஷம், கவனியுங்கள்.

அதைவிடக் கவலை தருவது கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த செய்தி. ஆபரேஷன் செய்த 8,815 பேரை, முன்னால் மூன்று வருஷம், பின்னால் மூன்று வருஷம் என்று ஒப்பிட்டார்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் பின்னால் ஏறக்குறைய 50 சதவீதம் கூடியிருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் சிலர்தான். ஆனாலும் ‘எடைதான் குறைஞ்சிடுச்சே, இன்னும் என்ன கவலை?’ என்று வீட்டில் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டின் 104, இரண்டிலுமே தமிழில் பேசலாம்.

எல்லாப் பழியையும் மனசின் மேல் போட்டுவிடவும் கூடாது. ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்குத் தரும் சில மாத்திரைகள் எடையை ஏற்றும். தைராய்டு குறைந்திருக்கலாம். ஸ்லீவ் குழாய் விரிந்திருக்கலாம். பைபாஸில் பிரித்த பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையே புதிதாக ஒரு வழி ஏற்பட்டிருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் ‘உனக்கு நாக்குக் கட்டுப்பாடு இல்லை’ என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, அதைச் சொல்வது சர்ஜனாகவே இருந்தாலும்.

சர்ஜன் என்றதும் விளம்பரங்கள் நினைவுக்கு வருகின்றன. முன்பு, பின்பு என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். அந்தப் ‘பின்பு’ எந்த மாதம் எடுத்தது? ஐந்தாம் வருஷப் படத்தை யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இனிமேல்தான் ஆபரேஷன் என்று இருப்பவர்கள் பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்றாவது வருஷம் என்னை யார் பார்ப்பார்கள்? மனநல நிபுணர் என்னோடு உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசுவார்? ஃபிட்னஸ் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கான ஐந்து நிமிஷச் சந்திப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏற்கெனவே எடை ஏற ஆரம்பித்துவிட்டவர்கள் செய்யக் கூடாதவை சில உண்டு. மூன்று நாள் பட்டினி போடாதீர்கள். உங்களுக்கு இரும்பும் பி12-உம் ஏற்கெனவே இழுபறி, புரதம் தினம் 60 கிராமாவது உள்ளே போக வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்காதீர்கள். வாந்தி தொடர்ந்தால் தயமின் சத்து வற்றி நரம்பையும் மூளையையும் பாதிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொள்கிறார் என்று எடைக் குறைப்பு ஊசியை நீங்களே வாங்கிப் போடாதீர்கள். 2025-இல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி போன்றவை ஆபரேஷனுக்குப் பின் எடை கூடியவர்களுக்கும் உதவக்கூடியவைதான். ஆனால் யாருக்கு, எவ்வளவு, எவ்வளவு காலம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது ஆபரேஷனுக்கும் அவசரப்பட வேண்டாம். அது முதலாவதைவிடச் சிக்கலானது. தவிப்பைத் தீனியால் அடக்கும் பழக்கம் அப்படியே இருந்தால் அதையும் தோற்கடித்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ‘இத்தனை லட்சம் கொட்டி ஆபரேஷன் பண்ணியும் பார், பழையபடி ஆயிட்டே’ என்ற வாக்கியத்தை உங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. அதைக் கேட்டவர் அன்று ராத்திரி எங்கே போவார் என்று சொல்லவும் வேண்டுமா? ஃப்ரிட்ஜுக்குத்தான்.

செய்ய வேண்டியது, ஆபரேஷன் செய்த குழுவிடம் திரும்பப் போவது. மூன்று கிலோவில் போனால் பேச்சிலும் சாப்பாட்டு ஒழுங்கிலும் முடியலாம், முப்பது கிலோவில் போனால் முடியாது. வெட்கத்தில்தான் பெரும்பாலானோர் தள்ளிப்போடுகிறார்கள். மருத்துவர் திட்டுவார் என்று பயமாக இருந்தால் வேறு மருத்துவரிடம் போங்கள், போகாமல் மட்டும் இருக்காதீர்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி என்ற உளவியல் சிகிச்சை தீனி வெறிக்குப் பலன் தருகிறது. ஆபரேஷன் செய்த குழுவில் உளவியலாளர் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம்.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். என்ன ஆபரேஷன், எப்போது, எவ்வளவு எடையில் என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையும் வேண்டும். கூடவே ஒரு வாரக் குறிப்பு: எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது. டாக்டர் பார்க்கப்போகிறாரே என்று மிக்சரை மட்டும் அடித்துவிடாதீர்கள்.