பாகான் செராயின் தண்ணீர்க் கணக்கு

வயல் வாய்க்கால்களில் நீர் திறக்கும் நாள் நெருங்கும் இவ்வேளையில், வாசகர் கடிதங்கள் பலவும், முறைவைத்துத் தண்ணீர் விடும் அட்டவணையையும் மலேசியாவின் 2024 வரவு செலவுத் திட்டத்தில், பாகான் செராய் அடங்கிய கெரியான் மாவட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட உயர்தொழில்நுட்பத் தொழிற்பேட்டையையும் ஒன்றாகவே எண்ணிக் கேள்வி எழுப்புகின்றன.

பாகான் என்றால் படகுத்துறை, செராய் என்றால் எலுமிச்சைப்புல். ஆனால் இவ்வட்டாரத்தின் முதல் பெருந்தொழில் கரும்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூலா போன்ற சர்க்கரைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் 'ஒப்பந்தம்' என்ற பெயரில் கொண்டுவரப்பட்டனர். கப்பற்செலவைக் கடனாக ஏற்றி, பாதியில் விலகினால் சிறைக்கு அனுப்பிய ஏற்பாட்டுக்கு அன்றைய பிரிட்டிஷ் அரசு சூட்டிய பெயர் அது. 1910இல் அம்முறை முடிவுக்கு வந்தது. சில ஆண்டுகளில் கரும்பும் போய், பால்மரம் (ரப்பர்) வந்தது.

இன்றுவரை நீடிப்பது, குராவ் ஆற்றை மறித்து 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா அணை. நிலம் ஏறக்குறைய சமதளமாக இருப்பதால், உயரமில்லாத ஒரு கரையே பரந்த ஏரியைத் தேக்கிவிட, பம்பு எதுவுமின்றி, சரிவின் வலுவிலேயே நீர் வாய்க்கால் வழியாகக் கடலோர வயல்கள்வரை ஓடியது. திறமையான இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது: சொம்பில் இருக்கும் நீரைவிடத் தாம்பாளத்தில் பரப்பிய நீர் விரைவாக வெயிலில் வற்றுவதுபோல, ஆழமற்ற ஏரி ஆவியாதலில் அதிகம் இழக்கிறது; மட்டம் சிறிது இறங்கினாலே கரையோரம் வெகுதூரம் சேறாகிறது; ஆறு கொண்டுவரும் வண்டல் கொள்ளளவைத் தின்கிறது. ஆண்டுக்கு ஒரு போகத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட அணை, பின்னாளில் கரை உயர்த்தப்பட்டபோதிலும், இன்று இரு போகத்தையும் குடிநீரையும் சேர்த்துச் சுமக்கிறது.

இனி வாசகர்களின் கேள்விகள். எல்லா வயலுக்கும் ஒரே நாளில் நீர் வராதது ஏன்? உழவுக்கு முன் காய்ந்த மண்ணை ஊறவைப்பதற்கே மிகுதியான நீர் தேவைப்படுவதால், பகுதி பகுதியாகத்தான் விட முடியும்.

தவணை தப்பினால்? அடுத்த போகமும் பிந்தும்.

தொழிற்பேட்டையில் வரவிருக்கும் மின்னணு ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டுமா? வேண்டும், சில்லுகளைக் கழுவ மிகத் தூய நீர் ஏராளமாகச் செலவாகும்.

'கெரியான் ஒருங்கிணைந்த பசுமைத் தொழிற்பேட்டை' என்ற பெயரில் உள்ள 'பசுமை' எதைக் குறிக்கிறது? வறட்சியில் எந்த மதகு முதலில் மூடப்படும் என்பதை எழுத்தில் தராதவரை, அச்சொல்லை விளம்பரமாகவே கொள்ள வேண்டியிருக்கிறது.