விதைநெல்லும் விண்கலத்து அன்ரனாவும்



வன்னியிலே விதைநெல் தெரியும் முறையை நீங்கள் அறிவீர்கள். அறுத்துச் சூடு வைப்பதற்கு முன்னரே திரண்ட கதிர்களைத் தெரிந்து தனியே ஒதுக்குவார்கள். அடுத்த காலபோகத்துக்கு அவையே வித்து. விண்கலங்களுக்கு வேண்டிய அன்ரனாவும் இம்முறையாலே ஆக்கப்பட்டதென்றால் வியப்பாயிருக்கும்.

அன்ரனா என்பது மின்னோட்டத்தை வானொலி அலையாகவும், அலையை மின்னோட்டமாகவும் மாற்றும் கம்பி. அதன் நீளமும் வளைவும் சற்றே மாறினாலும் அலை செல்லும் திசையும் வலுவும் மாறிவிடும். 1990களில், மின்சாரமும் பற்றரியும் இல்லாத வன்னியிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்கள் இதனை நன்கறிவர். செப்புக்கம்பியை மரக்கொப்பிலே கட்டி, இழுத்து, வளைத்து, குரல் தெளிந்தவுடன் அப்படியே விட்டுவிடுவோம். ஏன் தெளிந்தது என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருப்பினும், கலைப்பட்டதாரியாகிய நான் விடை சொல்லியிருக்க மாட்டேன்.

கணினி செய்வதும் ஏறக்குறைய இதுவே. கம்பியின் நீளம், வளையும் கோணம் ஆகியவற்றை எண்களாகக் கொண்டு, முதலில் எழுந்தமானமாகப் பல வடிவங்களை அமைக்கிறது. ஒவ்வொன்றும் எத்திசையில் எவ்வளவு அலையைப் பரப்பும் என்று மின்காந்தவியல் விதிகளாற் கணக்கிட்டுப் புள்ளியிடுகிறது. குறைந்த புள்ளி பெற்றவை கழிக்கப்படும். சிறந்தவற்றின் எண்கள் ஒன்றோடொன்று கலக்கப்பட்டு, இடையிடையே சில மாற்றப்பட்டு, அடுத்த தலைமுறை பிறக்கும். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் ஹொலன்ட் 1975இல் வெளியிட்ட நூலிலே இவ்வழியை விரித்துரைத்தார்.

2006 மார்ச் 22ஆம் திகதி நாசா ஏவிய எஸ்.ரி.5 என்னும் மூன்று சிறு கலங்களிலே இவ்வாறு பிறந்த அன்ரனாக்கள் சென்றன. பார்வைக்கு அழகில்லை, வேலியிலிருந்து அறுத்தெடுத்த முட்கம்பித் துண்டு போன்றன. அவற்றின் கதைதான் சுவையானது. முதல் அன்ரனா ஆயத்தமான பின்னர், கலங்கள் சுற்றவேண்டிய பாதையே மாற்றப்பட்டது. பழைய வடிவம் பயன்படாது. பொறியியலாளர் கவலையுற்றுப் புதிதாக வரையத் தொடங்கவில்லை. புள்ளியிடும் விதி முதலியவற்றை மாற்றிக் கணினியை மீண்டும் ஓடவிட்டனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிய அன்ரனா கையிற் கிடைத்தது.

பரீட்சை வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒன்று தெரியும்: கேட்டதற்கே விடை வரும். இங்கும் அப்படியே. ஒரு திசையைப் புள்ளித்திட்டத்தில் எழுத மறந்தால், அத்திசையிற் செவிடான அன்ரனாவும் முதற்பரிசு பெறும்.

சிறிதாகவும் இருக்கவேண்டும், வலிதாகவும் இருக்கவேண்டும் என்று முரணான இரண்டு கேட்டால் என் செய்வது? கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே கல்யாண்மொய் தேப் தம் குழுவினருடன் வகுத்து 2002இல் வெளியிட்ட முறை இதற்கு உதவுகிறது. அது ஒரே விடையைத் தருவதில்லை. ஒன்றிலே சிறந்து மற்றொன்றிலே சற்றுத் தாழ்ந்த பல வடிவங்களை வரிசையாகத் தருகிறது. எதனைக் கட்டுவதென்று பொறியியலாளர் பின்னரே தெரிந்துகொள்கின்றனர்.