காலணிக்குள் ஓர் அறிவியல் கூடம்

நீண்ட விடுமுறை முடிந்து, அலமாரியில் வைத்திருந்த காலணியை எடுத்து அணிகிறீர்கள். பத்தடி நடப்பதற்குள் அதன் அடிப்பாகம் காய்ந்த ரொட்டிபோல் உதிர்கிறது. அதிகம் அணியாத காலணிக்கு ஏன் இந்தக் கதி?

பல காலணிகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. நம் ஊர்க் காற்றின் ஈரம் மெல்ல அதனுள் புகுந்து மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. இதுவே நீராற்பகுப்பு.

இதற்கு நேர்மாறான ஒரு காலணியைப் பார்ப்போமா? பிரான்சின் பாராபூட் நிறுவனம் 1945 முதல் செய்துவரும் ‘மைக்கேல்’, டெர்பி வகையைச் சேர்ந்தது. டெர்பியில் கயிறு கோக்கும் இரு மடல்களும் முன்பாகத்தின் மேலே வைத்துத் தைக்கப்படும். அதனால் வாய் அகலமாகத் திறக்கும். மேடான பாதமும் எளிதாக நுழையும்.

அடுத்து, தோல். பச்சைத் தோலில் பின்னிக் கிடக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பாக்டீரியா தின்றுவிடும். பதனிடும்போது இழைகளுக்கு இடையே புதிய பிணைப்புகள் உருவாவதால் தோல் அழுகாது. அந்தத் தோலைப் பாத வடிவ அச்சுக்கட்டையின்மீது இழுத்துப் பொருத்துவார்கள். இழைகள் நகர்ந்து அந்த வடிவத்திலேயே நிலைத்துவிடும்.

இனிதான் கைத்திறன். ‘நார்வேத் தையல்’ முறையில் வெளியே இரண்டு தையல்கள் தெரியும். படுக்கைவாட்டில் ஓடும் தையல் மேல்தோலையும் விளிம்புப் பட்டையையும் உள்ளடியோடு இணைக்கிறது. செங்குத்தாக இறங்கும் தையல் அந்தப் பட்டையை நடு அடுக்கோடு பிடிக்கிறது. மூட்டு இறுக்கமாக இருப்பதால் மழைநீர் எளிதில் புகாது. தேய்ந்த அடிப்பாகத்தை மட்டும் கழற்றி மாற்றவும் முடியும்.

அந்த அடிப்பாகம் ரப்பர். கந்தகம் கலந்து சூடாக்கினால், ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் அமைந்து அது உறுதியாகிறது. ரப்பர் சங்கிலியில் நீர் வெட்டக்கூடிய பிணைப்புகளும் இல்லை. நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘பாரா’, ரப்பர் ஏற்றுமதியான பிரேசில் துறைமுகத்தின் பெயர். பிரேசிலின் அதே மர வகையின் விதைகள் 1876இல் லண்டனுக்குச் சென்றன. அங்கு முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. உங்களில் பலருடைய கொள்ளுப்பாட்டிகள் விடியற்காலையில் பால் வெட்டிய மரங்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவைதாம்.

இத்தகைய காலணியின் விலை அதிகம், கனமும் அதிகம். ஆகவே, எல்லாரும் இதையே வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால், பழுதுபார்க்க முடியாத காலணி நேராகக் குப்பைக்குத்தான் போகிறது.

அடுத்த முறை காலணி வாங்கும்போது அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். அங்கே தெரிவது உண்மையான நூலா, தையல்போல் அச்சில் வார்த்த வெறும் கோடா? நகத்தால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.